புல்லியிங்: பகடிவதையா, வாட்டலா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

ஒரு சொல்லுக்காகத் தொந்தரவு செய்கிறேன். பள்ளி ஆசிரியர்களுக்கான உளவியல் கைநூல் ஒன்றைத் தமிழில் கொண்டுவரும் வேலையில் இருக்கிறேன். அதில் ஒரு முழு இயல் குழந்தைகளுக்குள் நடக்கும் புல்லியிங் பற்றியது. வரைவைத் திருப்பிப் பார்த்தால் முதல் பக்கத்தில் 'கொடுமைப்படுத்துதல்' என்று எழுதியிருக்கிறேன். நான்காம் பக்கத்தில் அதுவே 'மிரட்டல்' ஆகிவிட்டது. அட்டவணையில் 'துன்புறுத்தல்', அடிக்குறிப்பில் 'வம்பிழுத்தல்'. இத்தனைக்கும் எழுதியவன் நான் ஒருவன்தான்.

பேசாமல் 'புல்லியிங்' என்றே விட்டுவிடலாமா என்றும் தோன்றியது. ஆனால் தமிழில் புல்லுதல் என்றால் தழுவுதல். காமத்துப்பால் படித்தவர்கள் சிரிப்பார்கள். (வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலத்திலும் 16ஆம் நூற்றாண்டில் 'புல்லி' என்ற சொல் அன்புக்குரியவரைச் செல்லமாக அழைக்கத்தான் பயன்பட்டது. முரடன் என்ற பொருள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.)

உங்கள் யோசனைகளைச் சொல்லுங்கள்.

* * *

வணக்கம்.

இதில் விவாதிக்க என்ன இருக்கிறது? 'பகடிவதை' இருக்கிறதே. மலேசியா, சிங்கப்பூர்த் தமிழ்ச் செய்திகளில் அன்றாடம் புழங்கும் சொல். இலங்கையில் 'பகிடிவதை' என்றால் பல்கலைக்கழக ராகிங் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 1998இல் அதைத் தடுக்கச் சட்டமே வந்தது. ஓடுகிற சொல்லை உட்காரவைத்துவிட்டுப் புதிதாக ஒன்றைச் செய்வது நம் குழுமத்துக்குப் பழைய வியாதி. பகடிவதை என்றே போடுங்கள், வேலை முடியட்டும்.

* * *

ஐயா இருவருக்கும் வணக்கம். இருபது வருடமாக வகுப்பறையில் நிற்கிற ஆசிரியை நான்.

பகடிவதை நல்ல சொல்தான். ஆனால் பிள்ளைகளிடம் ஒருநாள் கேலிக்கும் இதற்கும் வித்தியாசம் தெரிய வேண்டும். ஒருநாள் கேலி மறுநாள் மறந்துபோகும். இது தினமும் நடக்கிறது, அதே பிள்ளைக்கு நடக்கிறது. அந்தத் தொடர்ச்சி சொல்லுக்குள்ளேயே இருந்தால் நல்லது. 'தொடர்வதை' என்று வைத்துக்கொள்ளலாமா?

* * *

அன்புள்ள ஐயா, அன்புள்ள அம்மா,

இரண்டு மடல்களுக்கும் நன்றி. கொஞ்சம் நீளமாகவே பதில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் 'தொடர்வதை'. பார்த்த உடனே பிடித்துப்போய் ஒரு பக்கம் முழுக்க மாற்றிவிட்டேன். அப்புறம் வாசித்துப் பார்த்தால், "ஆசிரியர்கள் தொடர்வதைத் தடுக்க வேண்டும்" என்று ஒரு வாக்கியம் வந்து நிற்கிறது! ஆசிரியர்கள் எதைத் தொடர்கிறார்கள், ஏன் தடுக்க வேண்டும் என்று அச்சகத்தில் கேட்பார்கள். நம் வேற்றுமை உருபு காலை வாரிவிட்டது. நடுவில் இடைவெளி விட்டுத் 'தொடர் வதை' என்று எழுதலாம்தான். ஆனால் இடைவெளியை நம்பி வாழும் கலைச்சொல் இணையத்தில் ஒரு வாரம் தாங்காது.

சொல் போனாலும் அம்மா சொன்ன கருத்து போகாது. இந்தத் துறைக்கு அடித்தளம் போட்ட டான் ஓல்வியஸ், சுவீடனில் பிறந்து நார்வேயில் பணியாற்றியவர், மூன்று அடையாளங்களை வைத்தார்: நோவடிக்க வேண்டும் என்ற எண்ணம், திரும்பத் திரும்ப நடப்பது, இரு தரப்புக்கும் பலம் சமமில்லாதது. சம பலமுள்ள இரண்டு பேர் அடித்துக்கொண்டால் அது இதில் சேராது என்று அவரே தெளிவாகச் சொல்லியிருக்கிறார். அதற்குத் தமிழில் சண்டை என்று பெயர், புதுச்சொல் வேண்டாம். மூன்றில் எனக்கு முக்கியமாகப்படுவது பலம்தான். அது உடல் பலமாகவே இருக்க வேண்டியதில்லை. கூட ஆள் இருப்பது பலம். நன்றாகப் பேச வருவது பலம். இன்னொருவரின் ரகசியம் தெரிந்திருப்பதும் பலம்.

இந்தப் பெயர்ச் சிக்கல் நமக்கு மட்டும் வந்ததல்ல என்று பார்த்தபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. 1960களின் கடைசியில் பீட்டர் பால் ஹைன்மன் என்ற சுவீடன் மருத்துவர் இதற்கு 'மொப்னிங்' என்று பேர் வைத்தார். பறவைகள் கூட்டமாகச் சேர்ந்து வேட்டைப் பறவையை விரட்டுவதைக் குறிக்க விலங்கியலில் இருந்த சொல்லை எடுத்துக்கொண்டார். காக்கைகள் கழுகை விரட்டுவதைப் பார்த்திருப்பீர்கள், அதுதான். ஆனால் அங்கே எளியவை சேர்ந்து வலியதை விரட்டுகின்றன. பிள்ளைகளிடம் நடப்பது நேர்தலைகீழ். ஓல்வியஸுக்கும் அந்தச் சொல்லில் மனக்குறை இருந்தது. கூட்டம் கூட்டம் என்று பேசினால், முன்னால் நின்று நடத்துகிற ஓரிருவர் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறார்கள். இருந்தும் அந்தச் சொல்தான் அங்கே நிலைத்தது. நாம் இன்று வைக்கிற பேரும் அப்படி ஒரு பக்கம் சாய்ந்துவிடுமோ என்பதுதான் என் பயம்.

இப்போது பகடிவதைக்கு வருகிறேன். ஐயா, ஓடுகிற சொல்லை நிறுத்த எனக்கும் ஆசையில்லை. ஆனால் பிடிபட்ட பிள்ளை முதலில் என்ன சொல்லும்? "சும்மா விளையாட்டுக்குத்தான் சார்." அந்தச் சாக்கை எடுத்து நாமே சொல்லின் தலையில் கட்டிவைக்க வேண்டுமா?

அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று இருக்கிறது. பகடியே இல்லாமல் நடப்பதை எங்கே வைப்பது? என் மகள் ஏழாம் வகுப்பு படித்தபோது பள்ளிப் பேருந்தில் ஏறுவாள். காலி இருக்கையைப் பார்த்துப் போவாள். பக்கத்தில் இருக்கும் பெண் மடியிலிருந்து பையை எடுத்து அந்த இருக்கையில் வைப்பாள். "ஆள் வருது." அடுத்த இருக்கையிலும் ஒரு பை. அதற்கடுத்ததிலும். கடைசியில் ஓட்டுநருக்குப் பின்னால் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு வருவாள். யாரும் கைநீட்டவில்லை. கெட்ட வார்த்தை இல்லை, கேலி இல்லை. "ஆள் வருது" என்பது மரியாதையான வாக்கியம். எட்டு மாதம் நடந்தது. எனக்குத் தெரிந்தது எட்டாவது மாதத்தில்தான். புகார் எழுத உட்கார்ந்தபோது என்னவென்று எழுதுவது என்று விளங்கவில்லை. பையை வைத்தார்கள் என்றா?

இந்த வகையை உளவியலில் உறவைக் குறிவைக்கும் தாக்குதல் என்று தனியாகவே பேசுகிறார்கள். நிக்கி கிரிக் போன்றவர்கள் 1990களில் விரிவாக ஆராய்ந்தது இதைத்தான். அணியில் சேர்க்காமல் விடுவது, வதந்தி கட்டிவிடுவது, "அவகூடப் பேசினா என்கூடப் பேசாதே" என்பது எல்லாம் இதில் அடங்கும். அடியும் உதையும் கண்ணுக்குத் தெரியும், பட்டப்பெயர் காதில் விழும். இது இரண்டிலும் படாது. பீட்டர் ஸ்மித்தும் அவர் கூட்டாளிகளும் 14 நாடுகளில் குச்சி மனிதப் படங்களைக் காட்டி, எதெதற்கு உங்கள் மொழிச் சொல் பொருந்தும் என்று பிள்ளைகளைக் கேட்டு 2002இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. 14 வயதுப் பிள்ளைகள் வகைகளை நுணுக்கமாகப் பிரித்தார்கள், 8 வயதுப் பிள்ளைகளுக்கு அந்தப் பிரிவினை அவ்வளவாக இல்லை. ஒதுக்கிவைப்பதை உள்ளே சேர்ப்பதா வெளியே விடுவதா என்பதில் மொழிக்கு மொழி சொற்கள் வேறுபட்டன. அதாவது, சொல்லில் இடம் இல்லாவிட்டால் கணக்கிலும் இடம் இருக்காது.

சரி, என் முன்மொழிவு: வாட்டல். வினையாக வாட்டுதல்.

எளியாரை வலியார் வாட்டினால் வலியாரைத் தெய்வம் வாட்டும் என்று பழமொழி இருக்கிறது. ஓல்வியஸ் சொன்ன பலச் சமமின்மை அதன் முதல் இரண்டு சொற்களிலேயே வந்துவிடுகிறது. வகைகளை உடல்வழி வாட்டல், சொல்வழி வாட்டல், ஒதுக்கி வாட்டல், இணையவழி வாட்டல் என்று போகலாம். பகடிவதையை விட்டுவிட வேண்டாம்; கேலியை ஆயுதமாக வைத்து நடத்துவதற்கும் ராகிங்குக்கும் அது அப்படியே இருக்கட்டும்.

சுற்றியிருப்பவர்களுக்கான சொற்கள் தமிழில் தயாராகவே இருப்பதைப் பார்த்து எனக்கே வியப்பு. பின்லாந்தின் கிறிஸ்டினா சல்மிவல்லி 1996இல் வகுப்பறைப் பாத்திரங்களைப் பிரித்துக் காட்டினார். கூடச் சேர்ந்து செய்பவர், சிரித்து ஏற்றிவிடுபவர், கண்டும் காணாமல் விலகுபவர், பாதிக்கப்பட்ட பிள்ளையின் பக்கம் நிற்பவர். நமக்குக் கையாள், ஒத்து ஊதுபவர், ஒதுங்குபவர், பரிந்து பேசுபவர். ஒன்றையும் நான் உண்டாக்கவில்லை. கடைசி ஆள் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு: கனடாவில் விளையாட்டுத் திடல்களைக் கவனித்து 2001இல் வெளியிட்ட ஆய்வில், உடனிருந்த பிள்ளைகள் குறுக்கே புகுந்தபோது 57 சதவீதத் தடவைகளில் பத்து வினாடிக்குள் வாட்டல் ஓய்ந்தது. அந்தப் பாத்திரத்துக்கு 'பாதுகாப்பாளர்' என்று காவல்துறைத் தோரணையில் பேர் வைக்காமல் 'பரிந்து பேசுபவர்' என்று வைத்தால் பிள்ளைகளுக்கு அது தங்களாலும் முடிகிற காரியமாகப் படும்.

செய்பவருக்கு மட்டும் பெயர்ச்சொல் வேண்டாம் என்று நினைக்கிறேன். 'வாட்டுநர்' என்று எழுதிப் பார்த்தேன், ஓட்டுநர் நடத்துநருக்கு அடுத்த பணியிடம் மாதிரி இருக்கிறது. அதைவிட, இன்று வாட்டுகிற பிள்ளையே வேறோர் இடத்தில் வாட்டப்படுகிற பிள்ளையாகவும் இருக்கும். பத்து வயதில் ஒரு முத்திரை குத்திவிட்டால் அதைக் கழற்றுவது பெரும்பாடு. 'வாட்டும் பிள்ளை', 'வாட்டப்படும் பிள்ளை' என்றே நூல் முழுக்க எழுதலாம். வினையென்றால் நாளைக்கு நின்றுபோகவும் வாய்ப்பு உண்டு.

* * *

வெயில் வாட்டுகிறது, பசி வாட்டுகிறது, குளிர் வாட்டுகிறது. எல்லாம் அஃறிணை! மனிதன் செய்வதற்கு ஏற்ற சொல்லா இது? வேண்டுமென்றே செய்கிறார்கள் என்ற பொருள் எங்கே போயிற்று?

* * *

அதே உதாரணங்களைத்தான் நானும் எடுத்துக்கொள்ளப் போகிறேன், ஐயா. ஒருவேளை சாப்பாடு தாமதமானால் பசி வாட்டுகிறது என்போமா? பசிக்கிறது என்போம். நாள்கணக்கில் கிடந்தால்தான் வாட்டும். பளாரென்று ஓர் அறை விட்டவனை 'வாட்டினான்' என்று யாரும் சொல்வதில்லை. அம்மா கேட்ட தொடர்ச்சி அந்த வினைக்குள்ளேயே இருக்கிறது, முன்னொட்டு தேவையில்லை. பசியை எதிர்த்துக் கைநீட்டவும் முடியாது. அந்த இயலாமையும் உள்ளே இருக்கிறது.

வேண்டுமென்றே செய்வது அதில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஜப்பான் 2013இல் 'இஜிமே'யை (புல்லியிங்குக்கு அங்கே வழங்கும் பெயர்) தடுக்கக் கொண்டுவந்த சட்டம் செய்தவரின் எண்ணத்தை வரையறையில் கேட்கவில்லை. எத்தனை தடவை என்றும் கேட்கவில்லை. மற்றொரு பிள்ளையின் செயலால் இந்தப் பிள்ளை மனத்தாலோ உடலாலோ வேதனைப்படுகிறதா என்றுதான் கேட்கிறது. இணையத்தில் ஒரே ஒரு முறை ஏற்றிய படம் ஆயிரம் கைகளுக்குப் போகும்போது 'எத்தனை தடவை' என்பதற்கு அர்த்தமும் குறைந்துவிட்டது.

இன்னொன்று. வாட்டு என்பதற்கு வாடு என்று தன்வினை இருக்கிறது. வதைக்கோ கொடுமைக்கோ இப்படி ஓர் இணை கிடையாது. அந்த எட்டு மாதமும் என் மனைவி சாயங்காலம் கதவைத் திறக்கும்போது கேட்ட கேள்வி ஒன்றுதான்: "ஏன் முகம் வாடியிருக்கு?" வெயில் என்பாள் மகள். நாங்களும் நம்பினோம்.

* * *

ஐயா, எனக்குச் சம்மதம். ஒரு குறை மட்டும். என் வகுப்பில் எந்தப் பிள்ளையும் வந்து "என்னை வாட்டுறாங்க மிஸ்" என்று சொல்லப் போவதில்லை. "டார்ச்சர் பண்றாங்க" என்பார்கள். "ஓட்டுறாங்க", "சேத்துக்க மாட்டேங்கிறாங்க" என்பார்கள். பாதிப் பேர் அதையும் சொல்லாமல் வயிற்றுவலி என்பார்கள்.

* * *

உண்மைதான் அம்மா. கைநூலின் பின்னிணைப்பில் மாணவர்களுக்கான வினாத்தாள் ஒன்று இருக்கிறது. ஏறக்குறைய மூன்றில் ஒரு மாணவர் முந்தைய ஒரு மாதத்துக்குள் பள்ளியில் இதற்கு ஆளானதாக யுனெஸ்கோ 2019இல் சொன்னது. அப்படிப்பட்ட எண்கள் எல்லாம் இந்த மாதிரி வினாத்தாள்களிலிருந்துதான் வருகின்றன. அதில் வாட்டல், வதை எதுவும் வேண்டாம். "இந்த மாதத்தில் யாராவது உன்னை விளையாட்டில் சேர்த்துக்கொள்ளாமல் விட்டார்களா? எத்தனை நாள்?" என்று நடந்ததைக் கேட்கும் கேள்விகளாகவே எழுதப்போகிறேன். பிள்ளைகள் சொல்லும் சொற்களை ஒரு தாளில் எழுதி அனுப்பினால் பெரிய உதவி. அந்த வயிற்றுவலியையும் சேர்த்து எழுதுங்கள்.

இப்போதைக்கு இயலின் தலைப்பு 'வாட்டல்'. பகடிவதை அடைப்புக்குறிக்குள் முதல் பக்கத்தில் ஒருமுறை வரும், ஐயாவுக்காக. 'ஒதுக்கி வாட்டல்' எனக்கே இன்னும் முழுத் திருப்தியாக இல்லை. பட்டியலில் அதற்கு எதிரே ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன்.