சிப்பிகளுக்குத் தடுப்பூசி போட்டுச் சிப்பிப் பார்களை மீட்க முடியுமா?

சேலம் விலங்கியல் மாணவி:
வணக்கம். அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் சிப்பிப் பார்களை, அதாவது சிப்பிகள் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டித் திரளும் திட்டுகளை, மீட்பது பற்றிக் கருத்தரங்கக் கட்டுரை எழுதுகிறேன். 10 கிளையாறுகளில் 2025க்குள் பார்களை மீட்பதென 2014இல் ஒப்பந்தமானது. அளவுமீறிய அறுவடையோடு டெர்மோ, எம்எஸ்எக்ஸ் என்னும் நோய்களும் அங்கே சிப்பிகளை அழித்தன. பொரிப்பகத்திலேயே குஞ்சுகளுக்குத் தடுப்பூசி போல எதையேனும் கொடுத்த பிறகு கடலில் விட முடியாதா?

ஓய்வுபெற்ற கடலுயிரியலாளர்:
நம்மைப் போல் எதிர்ப்பொருள்களை உண்டாக்கி, வந்த கிருமியை நினைவில் வைத்திருக்கும் அமைப்பு சிப்பிக்குக் கிடையாது. அதன் இரத்த அணுக்கள் கிருமியை விழுங்கிச் செரிக்கின்றன. கிருமிக்கொல்லிப் புரதங்களும் துணைநிற்கின்றன. டெர்மோவை உண்டாக்கும் பெர்கின்சஸ் மரைனஸ் என்ற ஒட்டுண்ணியோ விழுங்கப்பட்ட பின்னும் சாகாமல், அந்த அணுவுக்குள்ளேயே பெருகி, அதன்மீதே ஏறி உடலெங்கும் பரவுகிறது. காவலுக்கு வைத்தவன் தோளிலேயே திருடன் சவாரி செய்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பசிபிக் சிப்பியில் ஹெர்பிஸ் வைரஸுக்கு எதிராக, வைரஸின் மரபுப்பொருளைப் போன்ற செயற்கை மூலக்கூற்றை முன்கூட்டியே செலுத்திச் சோதனைகளில் பாதுகாப்புக் கண்டிருக்கிறார்கள். ஆனால் கோடிக்கணக்கான குஞ்சுகளுக்கு அதைச் செய்வது வேறு.

ஏற்காடு காப்பித் தோட்டக்காரர்:
கடலைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. ஆயினும் எங்கள் செடிகளுக்கும் தடுப்பூசி இல்லை. இலைத்துரு என்ற பூஞ்சை நோயைத் தாங்கும் எஸ்.795 போன்ற இரகங்களை நட்டோம், காலப்போக்கில் பூஞ்சையின் புதிய வகைகள் தோன்றி அந்தத் தாங்குதிறனும் குறைந்துவிட்டதால், போர்டோ கலவை என்ற பூஞ்சைக்கொல்லியைக் கைவிட முடியவில்லை. சிப்பியிலும் தாங்கும் வம்சத்தைத் தேடுவதுதான் வழியா?

ஓய்வுபெற்ற கடலுயிரியலாளர்:
ஏறத்தாழ அப்படித்தான், ஐயா. எம்எஸ்எக்ஸ் 1957இல் டெலவேர் விரிகுடாவிலும் 1959இல் செசபீக்கிலும் தெரிந்தது. உப்பு மிகுந்த பகுதிகளில் அதற்குத் தப்பியவற்றின் வழித்தோன்றல்களிடம் தாங்குதிறன் கூடியிருப்பது பின்னாளில் தெரியவந்தது. உப்புக் குறைந்த மேற்பகுதிகளில் நோய் அடங்கியிருப்பதால், வலுவற்றவையும் பிழைத்து இனம் பெருக்குகின்றன. ஆகவே நோயைத் தாண்டிய பெரிய சிப்பிகளை அறுவடை செய்யாமல் விடுவது, என் கணிப்பில், எந்த ஊசியையும்விட முக்கியம். பண்ணைகளில் வளரும் மும்மடியச் சிப்பிகள் (இரண்டுக்குப் பதில் மூன்று தொகுதிக் குரோமோசோம்கள் கொண்டவை) பெரும்பாலும் மலடு. அவற்றின் வலிமை பாருக்குச் சேராது.

சேலம் விலங்கியல் மாணவி:
மிக்க நன்றி, ஐயா. அப்படியானால் கட்டுரையில் ‘தடுப்பூசி’ என்ற பகுதியை எடுத்துவிட்டு, பழைய சிப்பி ஓடுகளைப் பரப்பி இளவுயிரிகள் ஒட்டத் தளம் அமைப்பதையும், தப்பிய தாய்ச் சிப்பிகளைக் காப்பதையும் சேர்த்து எழுதுகிறேன்.