அன்று திட்டிய ராக் பேண்ட், இன்று தேடும் காமிக்ஸ்

வீடு மாறும்போது பரணிலிருந்து ஒரு அட்டைப்பெட்டி இறங்கியது. உள்ளே பதினாறு கேசட், மேலட்டை இல்லாத ஒரு காமிக்ஸ். இரண்டு நாளாக வேலையே ஓடவில்லை. உங்களிடமும் இப்படி ஏதாவது அகப்பட்டிருந்தால் எழுதுங்கள், நான் முதலில் ஆரம்பிக்கிறேன்.

கேசட்டில் பாதி மெட்டாலிகா என்ற அமெரிக்க மெட்டல் பேண்ட். 1983 முதல் 1988 வரை வந்த நான்கு ஆல்பமும் இருக்கின்றன. 1991இல் வந்த கறுப்பு அட்டை ஆல்பம் மட்டும் இல்லை. தொலைந்து போகவில்லை, வாங்கவே இல்லை. அதை வாங்குவது துரோகம் என்று நினைத்த வயது. 'எட்டு நிமிடப் பாட்டு போட்டவர்கள் ஐந்து நிமிடத்துக்கு இறங்கிவிட்டார்கள், வேகம் போச்சு, ரேடியோவுக்கு விலைபோய்விட்டார்கள்' என்று பார்த்தவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தக் கருத்துகூட என்னுடையது கிடையாது. என்னைவிட மூன்று வயது மூத்த ஒரு நண்பன் சொன்னது. அவனுக்கு என்னைவிடத் தலைமுடி நீளம், அதனால் அவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். 1996இல் மெட்டாலிகாக்காரர்கள் முடியை வெட்டிக்கொண்டு வந்து நின்றார்களே, அன்றைக்கு அவன் துக்கம் விசாரிக்கப் போனவன் மாதிரி உட்கார்ந்திருந்தான். வேலைக்கான நேர்காணலுக்காக அவனே ஒரு மாதம் முன்னால்தான் முடி வெட்டியிருந்தான் என்பதை நான் அப்போது நினைவுபடுத்தவில்லை.

ஒப்புக்கொள்ள வேண்டியது இதுதான்: அந்த ஆல்பத்தை நான் முழுதாகக் கேட்டதே இல்லை. போன வாரம்தான், பெட்டியில் அது இல்லையே என்று உறைத்த பிறகு, ஹெட்போன் மாட்டி முதல் பாட்டிலிருந்து கேட்டேன். 1988 ஆல்பத்தில் பேஸ் கிடார் இருப்பதே தெரியாது. 1986இல் ஸ்வீடனில் நடந்த பேருந்து விபத்தில் பேஸ் வாசித்த கிளிஃப் பர்ட்டன் இறந்த பிறகு வந்த ஜேசன் நியூஸ்டெட் வாசித்ததை ஒலிக்கலவையில் அமுக்கிவிட்டார்கள் என்று ரசிகர்கள் இன்றைக்கும் சண்டை போடுகிறார்கள். கறுப்பு ஆல்பத்தில் அதே மனிதரின் பேஸ் தரையிலிருந்து எழும்பி வருகிறது. டிரம்ஸுக்கு நடுவே காற்றுப் போக இடம் இருக்கிறது. வேகம் இல்லைதான். வேகத்தைக் குறைத்ததால்தான் இதெல்லாம் கேட்கிறது என்று புரிந்துகொள்ள எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. பழைய நண்பனுக்குச் சொல்லலாம் என்று எண்ணைத் தேடினேன், இல்லை.

அடுத்தது காமிக்ஸ். 'வேலியன்ட்' என்ற பிரிட்டிஷ் வார இதழில் 1962இல் தொடங்கிய தொடர், நமக்கெல்லாம் இரும்புக்கை மாயாவி. ஆய்வுக்கூட விபத்தில் வலது கையை இழந்தவர், இரும்புக்கை பொருத்திக்கொண்டவர். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு முழுக்க மறைந்துவிடும், கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும். ஆரம்பக் கதைகளில் கொள்ளைக்காரன், அப்புறம்தான் உளவாளி. என்னிடம் இருக்கும் புத்தகத்தில் மேலட்டையும் இல்லை, கடைசித் தாளும் இல்லை. அறுந்த மின்கம்பியை நோக்கி அவர் கையை நீட்டுகிறார், அதோடு தாள் தீர்ந்தது. ஒன்பது வயதிலிருந்து அந்தக் கதை எனக்கு அந்த இடத்திலேயே நிற்கிறது. அட்டை போனதால் கதையின் பெயரும் தெரியாது, எதை என்று தேடுவது?

* * *

நான் லிங்கின் பார்க் என்ற அமெரிக்க ராக் பேண்டின் ரசிகை. பள்ளி முடிக்கும் வயதில் 'ஹைப்ரிட் தியரி' (2000) கேட்டு வளர்ந்தவள். வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு கேட்க ஒரு குரல் தேவைப்பட்ட நாட்கள், அவ்வளவு சொன்னால் போதும்.

2017 மே மாதம் 'ஒன் மோர் லைட்' வந்தது. கிடார் எங்கே, கத்தல் எங்கே, இது என்ன பாப் ஆல்பம் என்று எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. நாலு பத்தி எழுதிப் போட்டேன். நல்லா எழுதினதாக வேறு நினைப்பு. 'களைத்துப்போனவர்கள் பாடுகிறார்கள்' என்று அதில் ஒரு வரி. பலர் பாராட்டினார்கள்.

ஜூலை 20 அன்று பேண்டின் பாடகர் செஸ்டர் பென்னிங்டன் தற்கொலை செய்துகொண்டார். நான் அந்த வரியைத் திரும்பப் படித்தேன். அழிக்கலாம் என்று விரல் போனது. அழிக்கவில்லை. அழித்தால் என்னைக் காப்பாற்றிக்கொள்வதாக ஆகும், வேறொன்றும் ஆகாது.

ஒரு வருஷம் கழித்துதான் மறுபடி கேட்டேன். 'ஹெவி' என்ற பாட்டில் தன் மனசுதான் தனக்குப் பாரம் என்கிற மாதிரி பாடுகிறார். முதல் தடவை அதே வார்த்தைகள் என் காதில் விழுந்தும், கிடார் இல்லை என்பது மட்டும்தான் கேட்டிருக்கிறது.

ஆனால் ஒன்று. ஆளுக்கு இப்படி ஆனதால் ஆல்பம் நல்லதாகிவிட்டது என்று சொல்பவர்களோடு என்னால் சேர முடியவில்லை. மூன்று பாட்டு இப்போது எனக்கு மிகவும் வேண்டியவை. மிச்சம் இன்றைக்கும் சுமார்தான். இதைச் சொல்லும்போதே கொஞ்சம் குற்ற உணர்வு வருகிறது. அதற்காகச் சொல்லாமலும் இருக்க முடியவில்லை. 2024இல் எமிலி ஆர்ம்ஸ்ட்ராங் என்ற புதுப் பாடகியோடு பேண்ட் திரும்பி வந்திருக்கிறது. இந்த முறை ஐந்து தடவை கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறப்பது என்று இருக்கிறேன்.

* * *

மேலே எழுதியவருக்குப் பக்கத்தில் என் கதை சில்லறை. நான் ஆபா ரசிகன், ஸ்வீடன் நாட்டுப் பாப் குழு. ராக் கேட்கும் கூட்டத்தில் இருந்துகொண்டு அதை வெளியில் சொல்ல முடியுமா? கேசட்டின் மேல் வேறொரு ராக் பேண்டின் பெயரை எழுதி ஒட்டிவைத்திருந்தேன். ஒருநாள் ஒருவன் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டான். ஒரு வாரம் எனக்குத் தூக்கமில்லை. திருப்பிக் கொடுக்கும்போது அவன் ஒன்றுமே சொல்லவில்லை. 'இன்னொண்ணு இருக்கா?' என்று மட்டும் கேட்டான்.

டிஸ்கோ, பாப் எல்லாம் கேட்பது கேவலம் என்ற நினைப்பு எங்கிருந்து வந்தது என்று பின்னால் தேடிப் படித்தேன். 1979 ஜூலை 12, சிகாகோவில் ஒரு பேஸ்பால் மைதானம். இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தார்கள். கூட்டம் மைதானத்துக்குள் புகுந்து, இரண்டாவது ஆட்டமே நடக்கவில்லை. அங்கே வந்து குவிந்தவற்றில் டிஸ்கோவே அல்லாத கறுப்பின இசைக்கலைஞர்களின் தட்டுகளும் இருந்தன என்று அன்று வேலையில் இருந்த ஒருவர் பிற்பாடு சொல்லியிருக்கிறார். அதைப் படித்த பிறகு 'எனக்கு டிஸ்கோ பிடிக்காது' என்று யாராவது பெருமையாகச் சொன்னால் கொஞ்சம் உற்றுப் பார்க்கிறேன்.

ஆபா 1982இல் ஒதுங்கி, 1992இல் ஒரு தொகுப்பு வந்தபோது எல்லோரும் எப்போதுமே ரசித்தவர்கள் மாதிரிப் பேசினார்கள். எனக்குத்தான் எரிந்தது. ஒளித்துவைத்துக் கேட்டவனுக்குத்தானே அந்த உரிமை!

* * *

எனக்கு நேர்மாறு. பேர் சொல்லவில்லை, பதினேழு வயதில் என் நோட்டு முழுக்க ஒரு பேண்டின் வரிகள். கையெழுத்தை வளைத்து வளைத்து எழுதுவேன். போன மாதம் கேட்டேன். 'யாருக்கும் என்னைப் புரியவில்லை' என்பதையே பத்துப் பாட்டாகப் பாடியிருக்கிறார்கள். மூன்றாவது பாட்டில் நிறுத்திவிட்டேன். பேண்ட் மேல் கோபமில்லை. அந்த நோட்டை எழுதிய பையனைப் பார்க்கத்தான் சங்கடமாக இருந்தது. அவ்வளவுதான்.

* * *

முதலில் எழுதிய நண்பரே, காமிக்ஸ் பற்றி நான் பேசுகிறேன், பாட்டு பற்றி அதிகம் தெரியாது. (கடைசியில் கொஞ்சம் பேசப் போகிறேன், மன்னிக்கவும்.)

நூற்றுப் பத்துப் புத்தகம் வைத்திருந்தேன். வெளியூரில் படிக்கப் போனேன், திரும்பி வந்தபோது பழைய காகிதத்தோடு போயிருந்தன. அம்மாவிடம் கோபப்பட்டேன். அம்மா கேட்ட ஒரே கேள்வி: "நீ அதைக் கடைசியா எப்பப் படிச்ச?" பதில் இல்லை. இந்தக் கதை உலகத்தில் எல்லா வீட்டிலும் நடந்திருக்கிறது. 1938இல் சூப்பர்மேன் முதலில் வந்த இதழ் இன்று கோடிக்கணக்கில் ஏலம் போவதற்குக் காரணமே, மற்ற பிரதிகளை எல்லாம் ஏதோ ஒரு அம்மாவோ, உலகப்போர்க் காலத்துக் காகிதச் சேகரிப்போ கொண்டுபோய்விட்டதுதான். எல்லோரும் பத்திரப்படுத்தியிருந்தால் அதற்கு ஏது மதிப்பு?

சில வருஷம் முன்னால் என் பிரியமான தொடர் ஒன்று மறுபதிப்பாக வந்தது. பளபளக்கும் தாள், கெட்டி அட்டை, புது வண்ணம். ஆசையாகப் பிரித்தேன். வில்லன் முகத்தில் நிழல் இறங்கி, வானம் நீலத்திலிருந்து ஊதாவுக்கு வழுக்கிக்கொண்டு போகிறது, கணினியில் போட்ட வண்ணம். பழைய புத்தகத்தில் வானம் என்றால் ஒரே நீலம், முகம் என்றால் சிவப்புப் புள்ளிகள். பூதக்கண்ணாடி வைத்து அந்தப் புள்ளிகளை எண்ணியிருக்கிறேன். அச்சு கொஞ்சம் நகர்ந்து, கதாநாயகியின் உதட்டுச் சிவப்பு உதட்டைவிட்டுக் கன்னத்தில் நிற்கும். அதையெல்லாம் 'சரிசெய்துவிட்டார்கள்'. ஓவியரும் சாணித்தாள் மையை உறிஞ்சும் என்று தெரிந்துதான் கோட்டைத் தடிமனாகப் போட்டிருப்பார். வழவழத் தாளில் அதே கோடு கறுப்புக் கயிறு மாதிரிக் கிடக்கிறது.

சாணித்தாளுக்கு ஆயுள் குறைவு என்பதும் உண்மைதான். மரக்கூழில் இருக்கும் லிக்னின் காற்றும் வெளிச்சமும் பட்டுப் பழுத்துப்போகும், தாளில் இருக்கும் அமிலம் அதை உள்ளிருந்தே நொறுக்கும். என்னிடம் மிச்சமிருக்கும் மூன்று புத்தகத்தைப் பிரித்தால் ஓரம் பொரிமாதிரி உதிர்கிறது. நடுப்பின் துருப்பிடித்து, சுற்றிலும் காபிக் கறை போல ஒரு வளையம். எனவே மறுபதிப்பு வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாயில்லை. வண்ணத்தை மட்டும் தொடாமல் இருந்திருக்கலாம்.

பாட்டிலும் இதே கதைதானே? 2008இல் வந்த மெட்டாலிகா ஆல்பத்தில் ஒலியை அளவுக்கு மீறி ஏற்றி நசுக்கிவிட்டார்கள் என்று ரசிகர்கள் புகார் சொன்னார்கள். அதே பாட்டுகள் கிடார் வாசிக்கும் வீடியோ கேம் ஒன்றில் நசுக்காத வடிவில் கிடைக்க, அதிலிருந்து எடுத்துக் கேட்டார்கள். என் மகன் சொல்லித் தெரியும். எனக்கு உடனே அந்த ஊதா வானம்தான் நினைவுக்கு வந்தது.

அப்புறம், கேட்க மறந்தேன். நீங்கள் சொன்ன புத்தகத்தில் மாயாவி மின்கம்பியைத் தொடப் போகும் கட்டத்தில், இடது ஓரம் ஒரு நாய் படுத்திருக்கிறதா?

* * *

ஆமாம்! நாய் இருக்கிறது! அந்த நாயை நான் பேனாவால் மீசை வைத்துக் கெடுத்துவைத்திருக்கிறேன்.

* * *

என் மூன்றில் ஒன்று அதுதான். மேலட்டை எனக்கும் இல்லை, ஆனால் கடைசித் தாள் இருக்கிறது. வெயில் வரட்டும், படம் எடுத்து அனுப்புகிறேன். விளக்கு வெளிச்சத்தில் எடுத்தால் மஞ்சள் மேல் மஞ்சளாக விழுகிறது.

* * *

படம் வந்து சேர்ந்தது, மிக்க நன்றி. ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு திறந்தேன். கேட்டவர்களுக்காக, என்ன இருந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

முன்பக்கத்தில் அவர் கம்பியைத் தொடுகிறார், மறைகிறார், இரண்டு ஆட்கள் அலறிக்கொண்டு ஓடுகிறார்கள். இது நான் நினைத்தபடியேதான். திருப்பினால், சாரி, இரண்டாவது படத்துக்குப் போனால், வலது கீழ் மூலை சதுரமாக வெட்டப்பட்டிருக்கிறது. தாளின் முன்பக்கத்தில் அந்த இடத்தில் ஏதோ விளம்பரக் கூப்பன் இருந்திருக்கிறது. யாரோ பெயர் எழுதி வெட்டி அனுப்பிவிட்டார்கள். அதன் பின்புறம்தான் கடைசிக் கட்டம்.

கட்டத்தின் இடது கால்பங்கு மட்டும் மிச்சம். அதில் ஒரு கதவு, கதவின் கைப்பிடி, கைப்பிடியின் மேல் இரும்புக்கை. மணிக்கட்டோடு கத்தரி போயிருக்கிறது. அவர் இன்னும் மறைந்துதான் இருக்கிறாரா, இல்லை ஆள் முழுசாக நின்று கூப்பனோடு போய்விட்டாரா என்று தெரியவில்லை.

நண்பரே, வெட்டியது நீங்களா?

* * *

நான்தான். இலவச பூதக்கண்ணாடிக்கான கூப்பன். அதை வைத்துத்தான் புள்ளி எண்ணினேன்.