காலையில் மட்டும் கறுத்துப் போகும் திரை: 2011 கம்ப்யூட்டர், உதவி வேண்டும்

கேள்வி (ராயக்கோட்டை)

எல்லோருக்கும் வணக்கம். ராயக்கோட்டையில் ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டர் 2011-ல் அசெம்பிள் செய்தது. ஐ3-2100 பிராசசர், எச்61 போர்டு, 4 ஜிபி ரேம். மானிட்டர் பதினெட்டரை இஞ்ச் எல்சிடி, விஜிஏ கேபிள்.

மார்கழி பிறந்ததிலிருந்து ஒரு தொல்லை. காலை ஏழு மணிக்குக் கடை திறந்து ஆன் செய்தால் படம் வருகிறது, இரண்டே வினாடியில் திரை கறுத்துவிடுகிறது. சிபியுவில் ஃபேன் சுற்றுகிறது. மானிட்டரை ஐந்தாறு முறை அணைத்து அணைத்துப் போட்டால் ஒருவழியாகப் படம் நிற்கிறது. பத்து மணிக்கு மேல் சாயங்காலம் வரை ஒரு தொந்தரவும் இல்லை. மறுநாள் காலையில் மறுபடி அதே கதை.

கிருஷ்ணகிரியில் ஒரு சர்வீஸ் கடைக்கு சிபியுவைத் தூக்கிக்கொண்டு போனேன். ஒரு நாள் முழுக்க அங்கே நன்றாகவே ஓடியது. ஆனாலும், போர்டு போகப்போகிறது, புதுசு வாங்கிவிடுங்கள் என்றார்கள். பத்து வருஷத்துக்கு மேலாக அடித்த மனுக்கள், ஒப்பந்தங்கள் எல்லாம் வானவில் எழுத்துருவில் இதற்குள்தான் இருக்கின்றன. ஊர்க்காரர்கள் பழைய மனுவில் ஒரு பிரதி கேட்டு இன்றும் வருகிறார்கள். அதனால் இதை விட மனசில்லை.

இன்னொன்று: கொஞ்ச நாளாகக் கரண்ட் போய் வந்தால் தேதி பல வருஷம் பின்னால் போய்விடுகிறது. இதுவும் அதே கோளாறுதானா?

பதில் (பாலக்கோடு)

அண்ணா, எனக்கும் இப்படி ஆனது. ரேமைக் கழற்றி, அந்தத் தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, துடைத்துத் திரும்பப் போட்டேன், சரியாகிவிட்டது. முதலில் அதைச் செய்து பாருங்கள், செலவில்லை.

ராயக்கோட்டை

செய்து பார்த்தேன் தம்பி, நன்றி. இன்று காலையும் இரண்டு வினாடியில் கறுத்துவிட்டது.

பதில் (தருமபுரி)

இருபது வருஷமாக டிவி, மானிட்டர் பழுது பார்க்கிறேன். ரேம் கெட்டால் பெரும்பாலும் படமே வராது, பீப் சத்தம் வரும். உங்களுக்குப் படம் வந்துவிட்டுப் போகிறது. அதிலும், சர்வீஸ் கடைக்கு சிபியுவை மட்டும்தானே கொண்டு போனீர்கள்? அது அங்கே வேறு மானிட்டரில் ஒரு நாள் முழுக்க ஓடியிருக்கிறது. உங்கள் மானிட்டரை இதுவரை யாருமே பார்க்கவில்லை.

நாளைக் காலை திரை கறுத்ததும் எதையும் அணைக்காமல் இதைப் பாருங்கள். கீபோர்டில் ‘நம் லாக்’ (Num Lock) பட்டனை அழுத்தினால் அதன் விளக்கு மாறுகிறதா? மானிட்டர் விளக்கு ஒரே நிறத்தில் நின்று எரிகிறதா, மினுக்குகிறதா? மினுக்கினால் சிக்னல் வரவில்லை, கேபிளையும் சிபியுவையும் சந்தேகப்படலாம். நின்று எரிந்தால் மானிட்டரின் மெனு பட்டனை அழுத்துங்கள். மெனு மானிட்டருக்குள்ளேயே உருவாவது, சிபியு இல்லாமலும் வரும். அதுவும் தெரியாவிட்டால் ஷட்டரைப் பாதி இறக்கி இருட்டாக்கி, டார்ச்சைத் திரைக்குப் பக்கத்தில் சாய்த்துப் பிடியுங்கள்.

கறுக்கும் முன் படம் சிவப்பு அடித்துத் தெரிகிறதா என்பதையும் சொல்லுங்கள்.

ராயக்கோட்டை

சார், பார்த்துவிட்டேன். நம் லாக் மாறுகிறது. மானிட்டர் விளக்கு நீல நிறத்தில் நின்று எரிகிறது. மெனு தெரியவில்லை. டார்ச் அடித்ததும் எனக்குக் கை நடுங்கிவிட்டது! டெஸ்க்டாப்பில் வைத்திருக்கும் ஒகேனக்கல் அருவிப் படம் சாம்பல் பூசியது போல மங்கலாகத் தெரிகிறது. மவுஸை நகர்த்தினால் அம்பும் நகர்கிறது. சிவப்பு எதுவும் இல்லை, வெள்ளை வெள்ளையாகத்தான் இருக்கிறது.

பதில் (தருமபுரி)

அப்படியானால் உங்கள் போர்டு, ரேம், கேபிள் மூன்றும் நன்றாகவே இருக்கின்றன. படம் வருகிறது, அதன் பின்னால் எரிய வேண்டிய பேக்லைட் அணைகிறது.

அந்தக் காலத்து மானிட்டர்கள் பலவற்றில் எல்இடி கிடையாது, பென்சிலைவிட மெல்லிய குழல் விளக்குகள் இருக்கும். அவற்றை எரியவைக்க இன்வெர்ட்டர் என்ற பகுதி நூற்றுக்கணக்கான வோல்ட் தருகிறது, விளக்கு பற்றும் நொடியில் ஆயிரத்தையும் தாண்டும். குழலில் கரண்ட் சீராக ஓடவில்லை என்றால் ஓரிரு வினாடியில் பாதுகாப்புக்காகத் தன்னை அணைத்துக்கொள்ளும். உங்கள் இரண்டு வினாடிக் கணக்கு அதுதான். குழலே தேய்ந்திருந்தால் முதலில் படம் சிவந்து தெரியும். உங்களுக்கு அது இல்லாததால் இன்வெர்ட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் கெபாசிட்டர் (கரண்டைச் சேர்த்து வைத்துச் சீராகக் கொடுக்கும் சின்ன உருளை) மேல்தான் எனக்குச் சந்தேகம்.

காலையில் மட்டும் ஏன்? கெபாசிட்டருக்குள் இருக்கும் திரவம் வயதாகி வற்றும்போது உள்தடை ஏறுகிறது, இன்வெர்ட்டருக்குக் கரண்ட் சீராகப் போவதில்லை. குளிரில் இன்னும் ஏறும். உங்கள் பக்கத்து மார்கழிக் குளிருக்கு அது போதும். ஐந்தாறு முறை போட்டு அணைப்பதில் உள்ளே கொஞ்சம் சூடேறுகிறது, அதனால்தான் அப்புறம் நிற்கிறது. வெயில் காலத்தில் தானாகச் சரியானது போல இருக்கும், நம்பாதீர்கள். அடுத்த குளிரில் இன்னும் மோசமாக வரும்.

நீங்களே திறக்க வேண்டாம். மெயின் கரண்ட் பக்கத்துப் பெரிய கெபாசிட்டர் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சார்ஜை வைத்திருக்கும். குழலில் பாதரசம் உண்டு, உடைந்துவிடக் கூடாது. டிவி மெக்கானிக் யாரிடமாவது கொடுத்து, தலை உப்பிய கெபாசிட்டர்களை மாற்றச் சொல்லுங்கள். மைக்ரோஃபாரட் (கெபாசிட்டரின் கொள்ளளவு) அதேதான் இருக்க வேண்டும், வோல்ட் அதே அளவோ கூடவோ இருக்கலாம், தாங்கும் சூடு 105 டிகிரி என்று போட்டிருக்க வேண்டும். உயரத்தையும் பார்த்து வாங்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் தகடு மூடாது.

தேதி வேறு விஷயம். போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி, 3 வோல்ட், காலியாகியிருக்கும். தேதி தப்பாக இருந்தால் இணையதளங்களும் திறக்க மறுக்கும், உடனே மாற்றிவிடுங்கள்.

பதில் (அரூர்)

சார் சொன்னது சரி. ஆனால் எனக்குக் கவலை வேறு. 2011 ஹார்ட் டிஸ்க் இன்னும் எத்தனை நாள் ஓடும் என்று யாராலும் சொல்ல முடியாது. மானிட்டருக்குச் செலவு செய்யும் முன்னால் ஃபைல்களை இரண்டு இடத்தில் பிரதி எடுங்கள். வானவில் எழுத்துருவின் ஃபைலையும் சேர்த்து எடுங்கள். அது யூனிகோடு (எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்து முறை) இல்லை. எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் உங்கள் மனுக்கள் எல்லாம் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கலைந்து கிடக்கும். நான் பள்ளி வினாத்தாள்களை அப்படித்தான் இழந்து, மாதக்கணக்கில் திரும்ப அடித்தேன்.

ராயக்கோட்டை

முதலில் பிரதி எடுத்தேன், எழுத்துருவோடு. அப்புறம் மானிட்டரைப் பெட்ஷீட்டில் சுற்றி பாலக்கோட்டில் ஒரு மெக்கானிக் அண்ணனிடம் கொண்டு போனேன். திறந்ததும் விரல் வைத்துக் காட்டினார். 1000 மைக்ரோஃபாரட், 16 வோல்ட் கெபாசிட்டர் இரண்டு. மற்றவை தட்டையாக இருக்க, இவற்றின் தலை மட்டும் உப்பி, மேலே இருக்கும் சிலுவைக் கீறலில் பழுப்பாகப் பொருக்கு கட்டியிருந்தது. 25 வோல்ட் போட்டார். ஒன்று கொஞ்சம் உயரம், அதைப் படுக்கவைத்து பற்றவைத்தார். பேட்டரியும் மாற்றியாகிவிட்டது.

இன்றோடு ஒன்பது காலை ஆகிறது. ஏழு மணிக்குப் போட்டால் முதல் தடவையே எரிகிறது. இன்று முதல் ஆளாக வந்தவர், 2014-ல் அடித்துக் கொடுத்த கிணற்றுப் பங்கு ஒப்பந்தத்தில் ஒரு பிரதி கேட்டார். அவர் டீ குடித்துவிட்டு வருவதற்குள் எடுத்து வைத்துவிட்டேன். தருமபுரி சாருக்கும் அரூர் சாருக்கும் பாலக்கோட்டுத் தம்பிக்கும் ரொம்ப நன்றி.