புதுப்பிப்பு: வனவிலங்கு மருத்துவக் களப்பயிற்சிக்குப் போய் வந்தேன்

இந்தப் பயிற்சி மாணவர்களுக்குப் பயன்படுமா என்று முன்பு கேட்டிருந்தேன். நிச்சயம் பயன்படும்.

மயக்க ஊசித் துப்பாக்கியைக் குறிபார்த்துச் சுடுவதுதான் கடினம் என்று பலர் எழுதியிருந்தீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விலங்கு விழுந்த பிறகுதான் உண்மையான வேலை. மானை நெஞ்சு தரையில் படும்படி, தலை உயர்ந்து மூக்கு தாழ்ந்திருக்கும்படி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் வயிற்றிலிருந்து மேலேறும் தீனி நுரையீரலுக்குள் போய்விடும். யானை நெஞ்சின் மேல் படுத்தாலோ மூச்சுத் திணறும். உடனே பக்கவாட்டில் சாய்த்தாக வேண்டும். கண்ணைக் கட்டி, பேச்சைக் குறைத்து, மூச்சையும் உடல் வெப்பத்தையும் விடாமல் பார்க்கிறோம். அதிகம் துரத்தப்பட்ட மான் தசைச் சிதைவால் சில நாள் கழித்துக்கூடச் சாகலாம். துரத்தலை எப்போது கைவிடுவது என்பதையும் கற்றுத்தந்தார்கள், எனக்கு அதுதான் மிகப் பெரிய பாடம்.

பாதுகாப்பு பற்றிக் கேட்டவர்களுக்கு: பெரிய விலங்குகளை மயக்கும் மருந்தான எட்டார்ஃபின், வலிநிவாரணியான மார்ஃபினைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் வீரியமானது, மனிதர் மேல் பட்டாலே ஆபத்து. மனிதருக்கான மாற்று மருந்து கையில் இல்லாமல் குப்பியைத் திறக்கவே கூடாது.

மாணவர்கள் ரத்த மாதிரி எடுக்கலாம், நாடித்துடிப்பு பார்க்கலாம். மருந்தளவை முடிவுசெய்வது அனுபவமுள்ள மருத்துவர்தான்.