கைப்பூவேலைக்கு இலவச வடிவங்களை எங்கிருந்து எடுப்பது?

கேள்வி: நூல்கண்டு

அனைவருக்கும் வணக்கம். பள்ளியில் தையல் வகுப்பில் கற்ற சங்கிலித் தையலும் காம்புத் தையலும் இன்னும் கைவிட்டுப் போகவில்லை. இப்போது ஓய்வு கிடைப்பதால் தலையணை உறை, மேசை விரிப்பு, பேத்திக்கு ஒரு பாவாடை என்று எம்பிராய்டரியை மீண்டும் தொடங்கியிருக்கிறேன். கடைகளில் அச்சிட்டு விற்கும் வடிவங்களில் அதே ரோஜாக் கொத்தும் அதே மயிலுமே திரும்பத் திரும்ப வருகின்றன. இணையத்தில் படங்கள் கொட்டிக் கிடந்தாலும், ஒரு படத்தை வரைந்தவர் யார், அதை எடுத்துத் தைக்க அனுமதி உண்டா என்ற விவரம் படத்தோடு வருவதில்லை. பிறர் உழைப்பை அவர் அறியாமல் எடுத்துக்கொள்ள எனக்கு மனம் ஒப்பவில்லை. நம்பி எடுக்கக்கூடிய இலவச வடிவங்கள் எங்கே கிடைக்கும்? சொந்தமாக வடிவம் அமைக்க நினைப்பவர் எதைப் பார்த்துத் தொடங்கலாம்? கணினியில் வரையத் தெரியாது; பென்சிலும் கட்டம் போட்ட தாளும் உண்டு.

பதில்: பழஞ்சுவடி

வணக்கம் அம்மா. உங்கள் தயக்கம் நியாயமானது. அதைத் தீர்க்கும் எளிய வழி, காப்புரிமைக் காலம் முடிந்தவற்றிலிருந்து எடுப்பது. இந்தியச் சட்டப்படி, ஆசிரியர் பெயருடன் வெளியான நூலுக்கோ ஓவியத்துக்கோ அவருடைய வாழ்நாளும் அவர் மறைந்தபின் 60 ஆண்டுகளும் காப்புரிமை இருக்கும். அதன்பின் அது பொதுவுடைமை.

முதலில் பார்க்க வேண்டியது, தெரேஸ் டி டில்மாண்ட் என்ற ஆஸ்திரியப் பெண்மணி 1886-இல் வெளியிட்ட ஊசிவேலைக் கலைக்களஞ்சியம். நாம் வாங்கும் டிஎம்சி தையல் நூலின் நிறுவனத்தோடு சேர்ந்து பணியாற்றியவர் அவர். காப்புரிமை முடிந்த புத்தகங்களைத் தரும் கூட்டன்பர்க் இணையதளத்தில் அந்தப் புத்தகம் படங்களோடு இலவசமாகக் கிடைக்கிறது. ஆங்கிலம் அதிகம் வாசிக்காதவர்கள்கூட, ஊசி எங்கே இறங்கி எங்கே ஏறுகிறது என்பதைப் படத்தைப் பார்த்தே பின்பற்றிவிடலாம். அடுத்தது, 'ஆன்டிக் பேட்டர்ன் லைப்ரரி' என்ற தளம். தன்னார்வலர்கள் பழைய பூவேலை, கிராஸ் ஸ்டிச், குரோஷே கையேடுகளைப் பக்கம் பக்கமாக வருடி அங்கே ஏற்றி வருகிறார்கள். விற்பனைக்காகத் தைப்பதாக இருந்தால் மட்டும் அத்தளத்தின் நிபந்தனைகளைப் படித்துக்கொள்ளுங்கள்.

அருங்காட்சியகங்களையும் மறந்துவிடாதீர்கள். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம், பொதுவுடைமையான தன் சேகரிப்புகளின் படங்களை 2017 முதல் எந்தக் கட்டுப்பாடும் இன்றிப் பயன்படுத்தத் திறந்துவிட்டிருக்கிறது. 16ஆம் நூற்றாண்டில் வெனிஸிலும் ஜெர்மானிய நகரங்களிலும் அச்சான பூவேலை மாதிரி நூல்கள் அங்கே இருக்கின்றன. அவற்றில் பல பக்கங்கள் கட்டங்களிலேயே வரையப்பட்டவை. உங்கள் கட்டத்தாளில் எண்ணி எடுத்தாலே போதும்.

பதில்: புள்ளிக்கோலம்

மேலே சொன்னவை நல்ல இடங்கள்தாம். ஆனால் பென்சிலும் கட்டத்தாளும் கையில் இருக்கும் ஒருவர் வெனிஸுக்குப் போகும் முன் தன் வாசலைப் பார்க்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். நம் வீடுகளில் கிடக்கும் பழைய கோல நோட்டுகள் ஒவ்வொன்றும் எண்ணித் தைக்கும் வேலைக்கான வடிவப் புத்தகமே. புள்ளி வைத்தது போலவே துணியில் கட்டம் எண்ண வேண்டும், அவ்வளவுதான்.

நேர்ப்புள்ளிக் கோலம், கட்டம் கட்டமாக நெய்த ஐடா துணியில் அப்படியே உட்காரும். இடைப்புள்ளிக்குத்தான் சிறு கணக்கு தேவை. ஒரு வரிசையின் இரு புள்ளிகளுக்கு நடுவே அடுத்த வரிசையின் புள்ளி விழ வேண்டும் என்பதால், புள்ளிக்குப் புள்ளி விடும் கட்டங்கள் இரட்டைப்படையில் இருக்க வேண்டும். நான் 6 கட்டம் விடுகிறேன். அடுத்த வரிசை 3 கட்டம் தள்ளித் தொடங்கும். வரிசைக்கு வரிசை 5 கட்டம் விட்டால் வடிவம் நீண்டும் போகாது, சப்பையாகவும் ஆகாது. நடு வரிசையில் 15 புள்ளியில் தொடங்கி மேலும் கீழும் 8-இல் நிறுத்தும் கோலத்தை, அங்குலத்துக்கு 14 கட்டம் உள்ள ஐடாவில் இந்தக் கணக்கில் வைத்தால், 6 அங்குல அகலமும் 5 அங்குல உயரமுமாக, தலையணை உறையின் நடுவே வைக்க ஏற்ற அளவில் வரும். புள்ளிகளுக்குப் பிரெஞ்சு முடிச்சு, கோடுகளுக்குப் பின் தையல், ஆங்கர் நூலின் ஆறு இழைகளில் இரண்டு இழை போதும்.

சிக்குக் கோலத்தைச் சாதாரணப் பருத்தித் துணியில் காம்புத் தையலால் தைப்பது இன்னும் அழகு. கோடுகள் சந்திக்கும் இடத்தில் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தைத்தால் அங்கே நூல் மேடு தட்டும். மேலே போகும் கோட்டை இடைவிடாமல் தையுங்கள்; கீழே போகும் கோட்டில், சந்திப்புக்குச் சற்று முன்பே ஊசியைப் பின்புறம் இறக்கி, மறுபக்கம் அதே இடைவெளி விட்டு மேலே எடுங்கள். ஒரே கோட்டைத் தொடர்ந்து போகும்போது ஒரு சந்திப்பில் மேலே, அடுத்ததில் கீழே என்று மாறி மாறி வைத்துக்கொண்டே போனால், எவ்வளவு பெரிய சிக்குக் கோலமும் தொடங்கிய இடத்தில் சரியாக வந்து முடியும். பின்னிய கயிறு துணிமேல் கிடப்பது போன்ற தோற்றம் அதில்தான் வரும்.

கோலம் மட்டுமல்ல, பழைய காஞ்சிபுரப் பட்டின் முந்தானையையும் விரித்துப் பாருங்கள்: அன்னம், யாளி, மல்லிமொக்கு, ருத்ராட்சம் என்று கட்டத்தில் எண்ணி எடுக்கத் தக்கவை ஏராளம். புதுக்கோட்டைப் பக்கம் போக வாய்த்தால் சித்தன்னவாசல் விதானத்துத் தாமரைத் தடாகத்தை நின்று நிதானமாகப் பாருங்கள். முழு ஓவியத்தையும் எடுக்க வேண்டாம். தண்டோடு ஒரு தாமரை, ஒரு இலை, ஒரு மீன் போதும். அந்தத் தண்டின் வளைவு காம்புத் தையலுக்கென்றே போட்டது போல இருக்கும்.

பதில்: வெள்ளைத்துணி

வடிவத்தைத் துணிக்கு மாற்றுவது பற்றி மட்டும் சொல்கிறேன். வெளிர்நிற மெல்லிய துணியாக இருந்தால், பகல் வெளிச்சத்தில் ஜன்னல் கண்ணாடிமேல் தாளை ஒட்டி, அதன்மேல் துணியை வைத்துப் பென்சிலால் மெல்லிய கோடாக எடுத்துவிடலாம். ஒரே வடிவம் பல உறைகளுக்கு வேண்டுமானால், ஆரி வேலைக் கடைகளில் செய்வது போல, டிரேசிங் தாளில் கோட்டின் வழியே ஊசியால் நெருக்கமாகத் துளையிட்டு வைத்துக்கொள்ளுங்கள். வெளிர் துணிக்கு நீலப் பொடியையும் அடர்நிறத் துணிக்கு ஜிங்க் பொடியையும் சிறிது மண்ணெண்ணெயில் குழைத்து, பஞ்சால் ஒற்றித் தேய்த்தால் துளை வழியே கோடு இறங்கும். அடுப்பும் விளக்கும் இல்லாத இடத்தில் செய்யுங்கள். பாவாடையில் தேய்க்கும் முன் அதே துணியின் ஓரத்துண்டில் சோதித்துப் பாருங்கள்.

நூல்கண்டு

மூவருக்கும் நன்றி. அம்மாவின் கோல நோட்டு இன்னும் பரணில் இருக்கிறது. அதையே முதலில் எடுக்கிறேன். ஒரே ஒரு ஐயம்: ஊட்டியில் பார்த்த தோடர் சால்வையின் சிவப்பும் கறுப்பும் கண்ணை விட்டு அகலவில்லை. அந்த வடிவங்களை எடுத்துத் தைப்பது முறையா?

பதில்: பழஞ்சுவடி

தோடர் பூவேலைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஆகவே, பிறர் தைத்ததைத் தோடர் எம்பிராய்டரி என்ற பெயரில் விற்கக் கூடாது. வீட்டுக்காக அதைப் பார்த்துக் கற்பதை அந்தக் குறியீடு தடுப்பதில்லை. ஆனாலும் அந்த எருமைக்கொம்பு வடிவங்கள் தோடர் வாழ்வோடும் சடங்கோடும் கலந்தவை. இன்றும் அந்தப் பெண்கள் வரைபடமோ துணியை இழுத்துப் பிடிக்கும் வளையமோ இல்லாமல், நூலிழைகளை எண்ணி எண்ணித் தைத்து அதில் வருமானமும் பெறுகிறார்கள். எனவே, அந்தச் சால்வையை அவர்களிடமே விலைகொடுத்து வாங்குவதுதான் சரியென்று எனக்குப் படுகிறது.

எண்ணித் தைக்கும் முறையே உங்களை ஈர்த்ததென்றால், வட கர்நாடகத்தின் கசூதி என்ற பூவேலையைக் கற்றுக்கொள்ளலாம். கோபுரம், தேர், பல்லக்கு, துளசி மாடம் என்று அதன் வடிவங்கள் நமக்கு அந்நியமானவை அல்ல. அதில் முடிச்சுப் போடும் வழக்கம் கிடையாது. கவந்தி என்ற தையலில், போகும்போது விட்ட இடைவெளியைத் திரும்பி வரும்போது நிரப்புவார்கள் என்பதால் துணியின் இருபுறமும் ஒரே மாதிரி தெரியும். கவந்தியில் ஒரு சிறு கோபுரத்தைக் கட்டத்தாளில் போட்டுத் தொடங்குங்கள். போகும் வழியை ஒரு நிறத்திலும் திரும்பும் வழியை வேறு நிறத்திலும் குறித்துக்கொண்டால் ஊசி நடுவில் சிக்கி நிற்காது.