மறு: ‘ஏர்லி வோட்டிங்’ – முன்வாக்கா, முன்வாக்குப்பதிவா?

வணக்கம்.

‘ஏர்லி வோட்டிங்’, அதாவது தேர்தல் நாளுக்கு முன்பே நேரில் போய் ஓட்டுப் போடுவது, இதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று கேட்டிருந்தீர்கள். வந்த பரிந்துரைகளில் ‘முன்னாள் வாக்கு’ என்பதை முதலில் கழித்துவிடலாம். முன்னாள் அமைச்சர் மாதிரி, பதவி போன வாக்கு என்றுதான் தோன்றுகிறது. ‘முன்வாக்கு’ சுருக்கம்தான், ஆனால் வாக்கு என்றால் கொடுத்த சொல்லும் ஆயிற்றே. ‘முன்வாக்கு தவறியவர்’ என்று எழுதினால் எதைப் புரிந்துகொள்வது?

2024 அக்டோபரில் இங்கே அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஓட்டுப் போட்டுவிட்டு, சட்டையில் பீச் பழ ஸ்டிக்கரோடு குடும்பக் குழுவில் படம் போட்டேன். ஊரிலிருந்து சித்தப்பா உடனே, “தேர்தல் அடுத்த மாசம்தானேடா, தபால் ஓட்டா?” என்றார். அங்கேதான் சிக்கல். இது தபால் ஓட்டு இல்லை. வரிசையில் நின்று, அடையாள அட்டை காட்டி, இயந்திரத்தில் போடுவது. தேர்தல் நாளன்று நமக்கென்று ஒதுக்கிய சாவடிக்குத்தான் போகவேண்டும், இதற்கோ கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி) திறந்திருக்கும் எந்த மையத்துக்கும் போகலாம். ஆகவே ‘வாக்குப்பதிவு’ என்ற சொல் உள்ளே இருந்தாக வேண்டும் என்பது என் கட்சி: முன்வாக்குப்பதிவு. வினைக்குப் புதுச்சொல் எதற்கு, ‘முன்கூட்டியே வாக்களித்தார்’ போதும்.

விதிகளை எழுதும்போதும் இது உதவுகிறது. 2021-இல் ஆளுநர் கெம்ப் கையெழுத்திட்ட சட்டப்படி முன்வாக்குப்பதிவில் இரண்டு சனிக்கிழமைகள் கட்டாயம், ஞாயிறு கவுண்டியின் விருப்பம். அந்த ஞாயிறில்தான் கறுப்பின தேவாலயங்கள் ஆராதனை முடிந்த கையோடு ஆட்களைப் பேருந்தில் சாவடிக்கு அழைத்துப்போகும், அதனால் அத்தனை சண்டை. சாவடியிலிருந்து 150 அடிக்குள் வரிசையில் நிற்பவருக்குத் தண்ணீர் பாட்டில் கொடுப்பதும் குற்றமாயிற்று, அது எனக்கு இன்னும் ஜீரணமாகவில்லை.

அப்புறம் ‘டெமோகிராஃபிக் ஷிஃப்ட்’, அதாவது ஓரிடத்தில் வசிப்பவர்கள் யார் யார் என்பது மாறுவது. ‘மக்கள்தொகை மாற்றம்’ என்றால் எண்ணிக்கை ஏறியதா இறங்கியதா என்றுதான் கேட்பார்கள். அட்லாண்டா நகரை ஒட்டிய க்வினெட் கவுண்டியில் நடந்தது வேறு: வெள்ளையர் புறநகராக இருந்த இடத்தில் இன்று அங்குள்ள டுலூத் ஊர்ப் பக்கம் போனால் கடைக்குக் கடை கொரிய எழுத்து. 1976-இல் கார்ட்டருக்குப் பிறகு அங்கே ஜெயித்த முதல் ஜனநாயகக் கட்சி அதிபர் வேட்பாளர் 2016-இல் ஹிலாரிதான். மாநிலத்தையே 2020-இல் பைடன் 11,779 வாக்கு வித்தியாசத்தில் பிடித்தார், 2024-இல் டிரம்ப் திரும்ப எடுத்துக்கொண்டார் (ஆக, வசிக்கிற ஆட்கள் மாறினால் ஜெயிக்கிற கட்சியும் மாறியே தீரும் என்ற தொனியும் சொல்லில் வரக்கூடாது). ‘வாக்காளர் சேர்மான மாற்றம்’ எப்படி? சூரணத்துக்குச் சொல்கிற அதே சேர்மானம்தான்.

சேர்த்து எழுதுவதா பிரிப்பதா என்று கேட்டிருந்தீர்கள். ‘முன் வாக்குப்பதிவு’ என்று பிரித்தால் அவசரத்தில் ‘வாக்குப்பதிவுக்கு முன்’ என்று படித்துவிடுவார்கள், நான் சேர்த்தே எழுதுகிறேன்.