காரணியே தெரியாமல் பகு எண் என்று எப்படிச் சொன்னார்கள்?

கேள்வி:

வணக்கம். வீட்டில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். போன வாரம் பகா எண் நடத்தும்போது 2^67 − 1 (அதாவது 67 இரண்டுகளைப் பெருக்கி 1 கழித்தது) பற்றிச் சொன்னேன். 14,75,73,95,25,89,67,64,12,927. மொத்தம் 21 இலக்கம். 1644-இல் பிரெஞ்சுத் துறவி மெர்சென் இதைப் பகா எண் பட்டியலில் சேர்த்துவிட்டார். 1903-இல் நியூயார்க்கில் நடந்த அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்தில் ஃபிராங்க் நெல்சன் கோல் அதை 193707721 × 761838257287 என்று உடைத்துக் காட்டினார்.

"நிஜமாவே அவ்வளவு வருமா மிஸ்?" என்றான் ஒரு பையன். செல்போன் கால்குலேட்டர் கடைசி இலக்கங்களைக் காட்டவில்லை. சரி என்று கட்டம் போட்ட நோட்டில் கையாலேயே பெருக்கினேன். சின்ன எண்ணில் 7 மூன்று இடத்தில் வருகிறது. அதனால் 53,32,86,78,01,009 என்ற வரியை ஒரு தடவை கண்டுபிடித்து மூன்று இடத்தில் தள்ளித் தள்ளி எழுதிக்கொண்டேன். முதல் தடவை நடுவில் ஓர் இலக்கம் இடித்தது. கூட்டும்போது மீதி எண்ணை விட்டிருக்கிறேன். மறுபடி போட்டதும் அச்சாக வந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

ஆனால் ஒன்று மட்டும் மனசுக்குப் பிடிபடவில்லை. கோலுக்கு 27 வருஷம் முன்பே, 1876-இல், பிரெஞ்சுக் கணிதவியலாளர் எத்வார் லூக்கா இது பகா எண் இல்லை என்று நிரூபித்துவிட்டாராம். அவர் கையில் ஒரு காரணியும் இல்லை. வகுக்கும் எண்ணைக் காட்டாமல் "இது வகுபடும்" என்று எப்படிச் சொல்ல முடியும்?

பதில் 1:

பகா எண்ணாக இருந்தால் கட்டாயம் நடந்தே தீரவேண்டிய ஒன்று நடக்கவில்லை என்று காட்டினால் போதும். லூக்கா பிடித்த வழி அதுதான். அதை 1930-இல் அமெரிக்கக் கணிதவியலாளர் லெமர் இன்னும் எளிதாக்கினார். 4-இல் ஆரம்பியுங்கள். வர்க்கம் எடுத்து 2 கழியுங்கள், சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வையுங்கள். p ஒற்றைப்படைப் பகா எண்ணாக இருந்தால், 2^p − 1-க்கு இதை p − 2 தடவை செய்ய வேண்டும். கடைசி மீதி 0 என்றால் பகா எண், இல்லையென்றால் பகு எண்.

127-க்கு (p = 7) ஐந்து தடவை: 4, 14, 67, 42, 111, 0. பகா எண். 2047-க்கு (p = 11) ஒன்பதாவது தடவை 1736 மிஞ்சும். 23, 89 இரண்டையும் தேடாமலே விஷயம் முடிந்தது. உங்கள் எண்ணுக்கு 65 தடவை செய்ய வேண்டும், அவ்வளவுதான். காரணி என்னவென்று மட்டும் இந்தச் சோதனை சொல்லாது. அதற்குத்தான் கோல் அவ்வளவு பாடுபட்டார்.

பதில் 2:

அந்தத் தேடலிலும் ஒரு பிடி உண்டு. 2^67 − 1-இன் எந்தக் காரணியும் 134-ஆல் வகுத்தால் 1 மிஞ்சியாக வேண்டும். சின்னக் காரணியில் 1 கழித்து வகுத்துப் பாருங்கள், சரியாக 14,45,580 வரும். மற்றதற்கும் மீதி 1 தான்.

பெருக்கலைச் சரிபார்க்க இலக்கங்களைக் கூட்டுங்கள். 37, 64, விடைக்கு 109. ஓர் இலக்கம் ஆகும்வரை மறுபடி மறுபடி கூட்டினால், மூன்றும் கடைசியில் 1-க்கே வந்து நிற்கும், 1 × 1 = 1. முதல் தடவை விட்ட மீதியை இது அங்கேயே பிடித்திருக்கும். இரண்டு இலக்கம் இடம் மாறினால் இது பிடிக்காது.

கேட்டவர்:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றுப் பலகையில் 127-ஐப் போட்டோம். 111-இன் வர்க்கம் 12321, இரண்டு போக 12319, அது 127 × 97. பூஜ்யம் வந்ததும் பின்வரிசைப் பெண் எழுந்து நின்று, "மிஸ், 4-க்குப் பதில் வேற எண் வெச்சா?" என்றாள். 5 வைத்தோம், 39-இல் நின்றது. 10 வைத்தோம்: 98, 77, 85, 111, மறுபடி 0! 4-க்கும் 10-க்கும் உள்ள அந்த உறவு என்ன? திங்கட்கிழமை அவளுக்குப் பதில் சொல்ல வேண்டும்.